டெட்ராய்ட்: நகர மையம் எழுந்தது, பஸ் ஏன் வரவில்லை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உள்ள டெட்ராய்ட் பெருநகரில் வீடு வாங்கியவர்கள், நகர மையத்துக்கு வேலைக்குப் போகிறவர்கள், நகரத் திட்டமிடல் படிக்கிறவர்கள் ஆகியோருக்கான பக்கம் இது. கட்டடத்துக்கான பணமும் போக்குவரத்துக்கான பணமும் எந்த வழியில் வருகின்றன, எங்கே அடைத்துக்கொள்கின்றன என்பதுதான் கேள்விகளில் பெரும்பாலானவை. டாலர் தொகைகள் லட்சம், கோடிக் கணக்கில் தரப்பட்டுள்ளன.

திவாலான நகரத்தில் இத்தனை கட்டடங்கள் எழ யார் பணம் போட்டார்கள்?

டெட்ராய்ட் 2013 ஜூலை 18 அன்று திவால் மனு கொடுத்தது. கடன் சுமார் 1,800 கோடி டாலர். அமெரிக்க நகராட்சி ஒன்றின் மிகப்பெரிய திவால் அதுதான். 2014 டிசம்பர் 10 அன்று அதிலிருந்து வெளியே வந்தது. அப்படிப்பட்ட நகரத்தின் கஜானாவில் கட்டடம் கட்டப் பணம் இருந்திருக்காது என்று நினைத்தால் சரிதான்.

பணம் நான்கு பக்கங்களிலிருந்து வந்தது. முதலாவது தனியார் முதலீடு. 2010ல் குயிக்கன் லோன்ஸ் நிறுவனத்தை நகர மையத்துக்கு மாற்றிய டான் கில்பர்ட், பெட்ராக் என்ற தன் ரியல் எஸ்டேட் நிறுவனம் மூலம் காலிக் கட்டடங்களை வரிசையாக வாங்கினார். ஃபோர்டு 2018ல் மிச்சிகன் சென்ட்ரல் ரயில் நிலையத்தை வாங்கியது. 1913ல் திறந்து 1988ல் கடைசி ரயிலை அனுப்பிய அந்தக் கட்டடம் 2024 ஜூனில் மறுபடி திறந்தது. இரண்டாவது, பழைய கட்டடங்களைப் புதுப்பித்தால் தகுதியுள்ள செலவில் 20 சதவீதத்தை வரியில் கழித்துத் தரும் மத்திய அரசின் சலுகை. மூன்றாவது, கிரெஸ்கி போன்ற அறக்கட்டளைகள். நான்காவது, இன்னும் வசூலாகாத வரி. வருங்காலத்தில் வரவேண்டிய வரியை இன்றே கட்டடத்துக்கு எழுதிக்கொடுப்பது. சண்டை எல்லாம் இந்த நான்காவதைச் சுற்றித்தான்.

'டிஃப்' என்கிறார்களே, அது எப்படி வேலை செய்கிறது?

சொத்தின் மதிப்பு உயரும்போது கூடும் வரியைத் திட்டத்துக்கே திருப்பும் முறைதான் டிஃப் (tax increment financing). கணக்கைப் போட்டுப் பார்த்தால் புரிந்துவிடும். மிச்சிகனில் சொத்தின் சந்தை விலையில் பாதிதான் மதிப்பீடு. வரி 'மில்' கணக்கில் வரும். 1,000 டாலர் மதிப்புக்கு 1 டாலர் என்பது 1 மில்.

ஒரு காலி மனையின் வரி மதிப்பு 4 லட்சம் டாலர் என்று வையுங்கள். அதில் 2 கோடி டாலர் விலை போகும் கட்டடம் வருகிறது. புது வரி மதிப்பு 1 கோடி. பழைய 4 லட்சத்துக்கான வரி முன்போலவே நகரத்துக்கும் கவுண்டி என்ற மாவட்ட நிர்வாகத்துக்கும் நூலகத்துக்கும் போகும். கூடுதலான 96 லட்சத்துக்கான வரி மட்டும் திசை திரும்பும். பிடிக்கத்தக்க, அதாவது இப்படித் திருப்பக்கூடிய வரி 25 மில் என்றால் ஆண்டுக்கு 2,40,000 டாலர். இது நகரத்தின் பொதுக் கணக்கைத் தொடாமல் நகர மைய வளர்ச்சி ஆணையத்துக்கோ, பாழடைந்த மனைகளை மீட்கும் பிரவுன்ஃபீல்ட் ஆணையத்துக்கோ போய்ச் சேரும். முதலாவதை டி.டி.ஏ. என்பார்கள். 1975ன் மாநிலச் சட்டத்தில் பிறந்து, 2018ல் ஒருங்கிணைந்த சட்டத்துக்குள் வந்தது.

இந்தக் கட்டடம் எப்படியும் வந்திருக்குமா என்பதுதான் கேட்கவேண்டியது. வந்திருக்காது என்றால் நகரத்துக்கு இழப்பில்லை. வந்திருக்கும் என்றால், பஸ்ஸுக்கும் தீயணைப்புக்கும் போகவேண்டிய பணம் முப்பது ஆண்டு வரை வேறு வழியில் போகிறது. 2010ல் இந்தக் கேள்விக்கு விடை சுலபம். யாரும் வரமாட்டார்கள் என்ற நிலை. இன்று நகர மையத்தின் முக்கியச் சாலையான உட்வர்டு அவென்யூவில் அதே விடையைச் சொன்னால் நம்பக் கொஞ்சம் சிரமம்.

ஒரே கட்டடத்துக்கு வரித் தள்ளுபடியும் டிஃப் பணமும் சேர்ந்து கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் இரண்டும் ஒன்றை ஒன்று தின்னும். பாழடைந்த கட்டடங்களுக்கான 2000ம் ஆண்டுச் சட்டம் 12 ஆண்டு வரை வரியைப் பழைய மதிப்பில் உறையவைக்கிறது. உறைந்த வரியில் கூடுதல் இல்லை. கூடுதல் இல்லாதபோது பிடிக்க எதுவும் இல்லை. எனவே திட்ட அட்டவணையின் முதல் 10, 12 ஆண்டுகளில் டிஃப் வரவு மிகக் குறைவாகவும், தள்ளுபடி முடிந்த ஆண்டில் திடீரென்று உயர்வதாகவும் இருக்கும். அட்டவணையில் முதல் ஆண்டிலிருந்தே முழு வரவு காட்டியிருந்தால், தள்ளுபடியைக் கணக்கில் எடுத்தார்களா என்று விசாரியுங்கள்.

பிரவுன்ஃபீல்ட் என்றால் ரசாயனம் கலந்த மண்தானே? நகர மையத்தில் ஏன் அது?

1996ன் மாநிலச் சட்டத்தின்படி மாசுபட்ட மனை மட்டுமல்ல, பயன்பாடு இழந்த கட்டடமும் பாழடைந்த சொத்தும் சேரும். மண்ணகற்றல், ஆஸ்பெஸ்டாஸ் நீக்கம், இடிப்பு, சில இடங்களில் குழாய், நடைபாதை, வாகன நிறுத்தக் கட்டடம் வரை செலவில் காட்டலாம். கட்டுபவர் முதலில் தன் கைப்பணத்தைப் போடவேண்டும். கட்டி முடித்து வரி உயர்ந்த பிறகுதான் ஆண்டுதோறும் திரும்பக் கிடைக்கும். கட்டாமல் விட்டால் ஆணையம் ஒரு காசும் தரவேண்டியதில்லை. இந்த முறையின் நல்ல அம்சம் அது.

2017ல் இதன் பெரிய அண்ணனாக ஒரு சட்டம் வந்தது. டெட்ராய்ட் அளவு நகரத்தில் 50 கோடி டாலருக்குக் குறையாத முதலீடு என்றால், சொத்து வரி மட்டுமல்ல, கட்டுமானத் தொழிலாளர்களின் மாநில வருமான வரி, பிறகு அங்கே வேலை பார்ப்பவர்கள், குடியிருப்பவர்களின் வருமான வரி ஆகியவற்றிலும் ஒரு பங்கைத் திட்டத்துக்குத் திருப்பலாம். ஹட்சன்ஸ் மனை, புக் டவர் உட்பட பெட்ராக்கின் நான்கு திட்டங்களுக்கு 2018ல் கிடைத்தது 61.8 கோடி டாலர் வரையிலான ஒப்புதல். ஹட்சன்ஸ் கடை 1983ல் மூடி, 1998 அக்டோபரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 2017 டிசம்பரில் புதுக் கட்டடத்துக்கு மண் வெட்டினார்கள். இடையில் செலவு ஏறிக்கொண்டே போக, 2022ல் நகர மன்றம் சுமார் 6 கோடி டாலர் மதிப்புள்ள பத்தாண்டு வரிச் சலுகையும் சேர்த்துக் கொடுத்தது.

ஹாக்கி மைதானத்துக்குப் பள்ளிக்கூட வரியைக் கொடுத்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 2017 செப்டம்பரில் திறந்த லிட்டில் சீசர்ஸ் அரங்கத்தின் செலவு சுமார் 86.3 கோடி டாலர். அதில் 32.4 கோடி அளவுக்குப் பொதுப் பணம், டி.டி.ஏ. கடன் பத்திரங்கள் வழியாக. அந்தப் பத்திரங்களை அடைப்பதில் நகர மையத்தின் பள்ளி வரியும் சேர்ந்தது. மாநிலம் பள்ளிகளுக்கு அந்தத் தொகையை ஈடுகட்டுகிறது என்பதால் வகுப்பறைக்கு நேரடி வெட்டு இல்லை. ஆக, சுமை மாநிலம் முழுக்க உள்ள வரி செலுத்துவோரின் தலையில். சரியா தவறா என்பதில் கட்சி பிரிந்து நிற்கலாம். 'பள்ளிக்கூடத்தை மூடி அரங்கம் கட்டினார்கள்' என்று சொன்னால் மட்டும் கணக்குத் தவறு.

கட்டடங்களால் நகரத்துக்கு வருமானமே இல்லையா?

இருக்கிறது. நகர வருமான வரியில்தான் பெரும்பகுதி. டெட்ராய்டில் குடியிருப்பவருக்கு 2.4 சதவீதம், வெளியே குடியிருந்து உள்ளே வேலை செய்பவருக்கு 1.2 சதவீதம். கழிவுகளை விட்டுவிட்டுப் பார்த்தால் 80,000 டாலர் சம்பளக்காரர் வெளியூர்க்காரரானால் 960 டாலர், உள்ளூர்க்காரரானால் 1,920 டாலர்.

வெளியே குடியிருப்பவருக்கு இந்த வரி, நகர எல்லைக்குள் உட்கார்ந்து வேலை செய்த நாட்களுக்கு மட்டும். வாரத்தின் ஐந்து வேலை நாட்களில் மூன்று நாள் நோவை என்ற புறநகரில் உள்ள வீட்டிலிருந்து வேலை செய்தால் 960 என்பது 384 ஆகும். சம்பளத்தில் முழுசாகப் பிடித்திருந்தால் திரும்பக் கேட்கலாம். வேலை நாட்களைக் குறித்து வைத்திருப்பதும், முதலாளியிடமிருந்து கடிதம் வாங்குவதும் அதற்குத் தேவை. நகரத்தின் பக்கமிருந்து பார்த்தால், 2020க்குப் பிறகு அலுவலகக் கோபுரம் நிறைந்திருக்கிறதா என்பதைவிட, அதில் எத்தனை நாள் ஆள் இருக்கிறார்கள் என்பதே வரவைத் தீர்மானிக்கிறது.

சொத்து வரி பற்றி ஒரு வார்த்தை, வீடு வாங்குவோருக்கு. 1994 முதல் வரி மதிப்பு ஆண்டுக்கு விலைவாசி உயர்வு அல்லது 5 சதவீதம், இதில் எது குறைவோ அதற்கு மேல் ஏறாது. சொத்து கைமாறியதும் அடுத்த ஆண்டு அந்தக் கட்டு அவிழ்ந்து, மதிப்பு சந்தை விலையின் பாதிக்குத் தாவும். விற்பவரின் வரி ரசீதைப் பார்த்து மாதத் தவணை கணக்குப் போட்டவர்கள் அடுத்த ஆண்டு அதிர்ந்துபோவது வழக்கமாக நடக்கிறது.

இவ்வளவு பணம் புரள்கிறது, பஸ்ஸுக்கு மட்டும் ஏன் இல்லை?

வாங்கும் பணமும் ஓட்டும் பணமும் வேறு வேறு பானைகளில் இருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு ஊற்றச் சட்டம் விடாது.

மத்திய அரசு பஸ் வாங்க 80 சதவீதம் தரும். மீதி 20ஐ மிச்சிகனில் பெரும்பாலும் மாநிலமே போடுகிறது. ஆகவே ஆறேழு லட்சம் டாலர் பஸ் ஒன்றை நகரம் அநேகமாகச் சொந்தச் செலவில்லாமல் வாங்கிவிடலாம். ஆனால் 2 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரப் பகுதிகளில், வழக்கமான மத்திய மானியத்தை ஓட்டுநர் சம்பளத்துக்கும் டீசலுக்கும் பயன்படுத்தக் கூடாது. 100 பஸ்ஸுக்கு உட்பட்ட சின்ன நிறுவனங்களுக்குத்தான் விலக்கு. 2020ல் வந்த கொரோனா நிவாரணம் இந்த விதியைத் தளர்த்தியது. அது தீர்ந்ததும் நாடு முழுக்கப் பல நகரங்கள் தடுமாறியதற்குக் காரணம் இதுதான்.

சட்டத்துக்குள் நின்றே கணக்கர்கள் செய்யும் ஒரு வேலை உண்டு. 'தடுப்புப் பராமரிப்பு' மூலதனச் செலவாகக் கருதப்படும். எண்ணெய் மாற்றுவது, பிரேக் பார்ப்பது எல்லாவற்றையும் அந்தத் தலைப்பில் மானியத்தில் எழுதி, அங்கே மிச்சமாகும் உள்ளூர்ப் பணத்தை ஓட்டுநர் சம்பளத்துக்குத் திருப்புவார்கள். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அந்த மானியம்தான் நாளைக்குப் புது பஸ் வாங்கவேண்டிய பணம். கனரக பஸ்ஸுக்கு மத்திய அரசு வைத்திருக்கும் குறைந்தபட்ச ஆயுள் 12 ஆண்டு அல்லது 5 லட்சம் மைல். இந்த வழியை அளவு மீறிப் பயன்படுத்திய நிறுவனத்தில் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பாதி வண்டிகள் ஒரே நேரத்தில் கிழடாகி நிற்கும்.

மாநிலத்தின் பெட்ரோல் வரியில் பஸ்ஸுக்குப் பங்கு கிடையாதா?

உண்டு, மூடி போட்ட பங்கு. மிச்சிகன் அரசியலமைப்பே பெட்ரோல் வரி, வாகனப் பதிவு வரி வருவாயில் 90 சதவீதத்துக்குக் குறையாமல் சாலைக்கும் பாலத்துக்கும் போகவேண்டும் என்கிறது. மீதி 10க்குள்தான் பஸ், ரயில், படகு எல்லாம். பங்கு பிரிக்கும் முறை 1951ன் சட்டத்தில் இருக்கிறது. மக்கள் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிய நகரப் பகுதியின் பஸ் நிறுவனத்துக்கு ஓட்டும் செலவில் 50 சதவீதம் வரை மாநிலம் தரலாம் என்று ஏட்டில் உண்டு. அந்தப் பானையில் அவ்வளவு பணம் இருப்பதில்லை. கைக்கு வருவது அதைவிட வெகு குறைவு. பயணச்சீட்டு வருமானமும் செலவில் சிறு பங்குதான். கடைசியில் டெட்ராய்ட் நகராட்சியின் போக்குவரத்துத் துறையான டி-டாட்டின் பஸ்கள் ஓடுவது நகரத்தின் பொது நிதியில். டிஃப் வரி திசைமாறும்போது குறையும் நிதியும் அதுவே.

நகரத்துக்கு ஒரு பஸ், புறநகருக்கு ஒரு பஸ். ஏன் ஒன்றாக இல்லை?

நகரத்துக்கும் புறநகருக்கும் இடையே எல்லோருக்கும் தெரிந்த பகை ஒரு காரணம். இனப் பிரிவினையின் நிழல் அதில் ஒளிவுமறைவில்லாமல் இருக்கிறது. டிராம்கள் 1956 ஏப்ரலில் நின்றன. நல்ல நிலையிலிருந்த வண்டிகள் மெக்சிகோ நகரத்துக்கு விற்கப்பட்டன. 1976ல் அதிபர் ஃபோர்டு நிர்வாகம் வட்டாரப் போக்குவரத்துக்கு 60 கோடி டாலர் தருவதாகச் சொன்னது. யார் கையில் அதிகாரம் என்பதில் நகரமும் புறநகரும் ஒத்துப்போகாமல் பெரும்பகுதி கைநழுவியது.

2012 டிசம்பரில்தான் வெய்ன், ஓக்லண்ட், மக்கோம், வாஷ்டனா ஆகிய நான்கு கவுண்டிகளுக்கான வட்டாரப் போக்குவரத்து ஆணையம் சட்டத்தில் வந்தது. சட்டம் வந்தது, பணம் வரவில்லை. 2016 நவம்பரில் 20 ஆண்டுக்கு 1.2 மில் கேட்டு மக்களிடம் போனார்கள். நான்கு கவுண்டி மொத்தத்தில் மயிரிழையில் தோற்றது.

புறநகர் பஸ்களை ஓட்டும் ஸ்மார்ட் நிறுவனத்தில் இன்னொரு ஓட்டை இருந்தது. ஊர்கள் தனித்தனியாக விலகிக்கொள்ளலாம். விலகிய ஊரில் வரியும் இல்லை, பஸ்ஸும் நிற்காது. தமிழர்கள் நிறையக் குடியிருக்கும் நோவையும் கேன்டனும் அப்படி விலகி இருந்த ஊர்கள். வழித்தடம் ஒரு ஊரைத் தாண்டிக் குதித்து அடுத்த ஊருக்குப் போவதென்றால் நடுவில் இருக்கும் மருத்துவமனைக்கும் கிடங்குக்கும் யாராலும் பஸ்ஸில் போகமுடியாது. 2022 நவம்பரில் ஓக்லண்ட் கவுண்டி முழுவதுக்குமாக 0.95 மில் நிறைவேறி, அங்கே விலகும் வசதி முடிந்தது. வரி மதிப்பு 2 லட்சம் டாலர் உள்ள வீட்டுக்கு ஆண்டுக்கு 190 டாலர்.

கியூலைன் டிராம் வெற்றியா தோல்வியா?

ரியல் எஸ்டேட் திட்டமாக வெற்றி. போக்குவரத்தாகப் பாதிதான் தேறியது. அளவுகளைப் பாருங்கள். உட்வர்டு அவென்யூவில் காங்கிரஸ் தெருவிலிருந்து கிராண்ட் புல்வார்டு வரை 3.3 மைல், ஆறு வண்டிகள், செலவு சுமார் 14 கோடி டாலர். 2017 மே 12ல் ஓடத் தொடங்கியது. கிரெஸ்கி அறக்கட்டளை, நிறுவனங்கள், வரிச் சலுகை முதலீடு, மத்திய அரசின் டைகர் என்ற போக்குவரத்து மானியம் என்று ஒட்டுப்போட்டுச் சேர்த்த பணம். வழியில் பாதிக்கு மேல் தலைக்கு மேலே மின்கம்பி இல்லை. வண்டி பேட்டரியில் ஓடும்.

குறை வடிவமைப்பில். தண்டவாளம் சாலையின் நடுவில் இல்லாமல் பெரும்பாலும் ஓரத்தில், மற்ற வண்டிகளோடு கலந்த பாதையில் போகிறது. ஓரம் என்பது சரக்கு இறக்கும் வேனும், 'ரெண்டே நிமிஷம்' என்று ஃபிளாஷர் போட்டு நிறுத்தும் காரும் இருக்கும் இடம். பஸ் என்றால் ஒடித்து விலகும். டிராமுக்கு வழியில்லை, இழுவை வண்டி வரும்வரை நிற்கவேண்டும். பின்னால் வரும் வண்டிகளும் வரிசையாக நிற்கும். பிறகு மூன்று டிராம் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

இதற்குப் போட்டியாக இருந்த திட்டம் எட்டாம் மைல் சாலை வரை ஒன்பது மைல் நீள லைட் ரயில். 2011 டிசம்பரில் அதைக் கைவிட்டார்கள். கட்டும் பணத்தைவிட, நகரத்தால் ஆண்டுதோறும் ஓட்டமுடியுமா என்ற சந்தேகமே அதைக் கவிழ்த்தது. அந்தச் சந்தேகம் நியாயமானது என்பதைக் கியூலைனே காட்டியது. தொடக்கத்தில் 1.50 டாலர் கட்டணம். கொரோனாவில் நின்ற சேவை 2021 செப்டம்பரில் மறுபடி ஓடத் தொடங்கியதிலிருந்து இலவசம். மாநிலத்தின் ஹோட்டல், மது வரிப் பணத்திலிருந்து ஆண்டுக்கு 50 லட்சம் டாலர் வரை கிடைக்கும் ஏற்பாடு வந்த பிறகே மூச்சு விட்டார்கள். 2024ல் வட்டார ஆணையம் பொறுப்பேற்றது.

மேலே சுற்றும் பீப்பிள் மூவர்?

1987 ஜூலையில் திறந்த 2.9 மைல் ஒற்றைத் தடம், 13 நிலையங்கள், ஓட்டுநர் இல்லாத வண்டி. புறநகரிலிருந்து வரும் ரயில்களின் பயணிகளை நகர மையத்தில் பகிர்ந்து கொடுக்க நினைத்த வளையம். அந்த ரயில்கள் வரவே இல்லை. குளிர்காலத்தில் விளையாட்டு, மாநாட்டு நாட்களில் நன்றாகப் பயன்படும். 2024 முதல் கட்டணமில்லை.

புது பஸ்கள் வந்தும் நேரத்துக்கு ஏன் வருவதில்லை?

நிறுத்தத்தில் பஸ் வரவில்லை என்றால் பெரும்பாலும் வண்டி இல்லாமல் அல்ல, ஆள் இல்லாமல். 2020க்குப் பிறகு ஓட்டுநர், மெக்கானிக் இருவருக்கும் தட்டுப்பாடு. வணிக ஓட்டுநர் உரிமம் உள்ளவரை லாரி, சரக்கு நிறுவனங்கள் அதிகச் சம்பளத்துக்கு அழைத்துக்கொள்கின்றன.

அடுத்தது உதிரி வண்டிக் கணக்கு. 50 அல்லது அதற்கு மேல் பஸ் உள்ள நிறுவனம், உச்ச நேரத்தில் ஓடும் எண்ணிக்கையில் 20 சதவீதம்தான் உதிரியாக வைக்கலாம் என்பது மத்திய விதி. 200 ஓடினால் உதிரி 40. மெக்கானிக் குறைந்து ஒரே நாளில் 55 பஸ் பணிமனையில் நின்றால் 15 பஸ்ஸின் பயணங்கள் தொடங்கும் முன்பே ரத்து.

மூன்றாவது, மாற்றுத்திறனாளிகளுக்கான வேன் சேவை. வழக்கமான தடத்துக்கு இருபுறமும் முக்கால் மைல் வரை அதைத் தரவேண்டியது சட்டக் கடமை. செலவு அதிகம், வெட்டமுடியாது. பற்றாக்குறை வந்தால் வெட்டு விழுவது வழக்கமான தடங்களில்தான்.

முன்னேற்றம் இல்லாமல் இல்லை. 2018 ஜனவரியில் ஸ்மார்ட்டின் ஃபாஸ்ட் பஸ்கள் உட்வர்டு, கிரேஷியட், மிச்சிகன் அவென்யூக்களில் குறைந்த நிறுத்தங்களோடு நகர மையத்துக்குள் வரத் தொடங்கின. 2024ல் பழைய மாநிலக் கண்காட்சித் திடலில், மாட்டுக் கண்காட்சிக் கொட்டகையைப் புதுப்பித்து ஜேசன் ஹார்க்ரோவ் பஸ் நிலையம் திறந்தது. கொரோனாவில் 2020ல் இறந்த டி-டாட் ஓட்டுநரின் பெயர்.

ஐ-375 நெடுஞ்சாலையை மூடும் திட்டம் எந்த நிலையில் இருக்கிறது?

1964ல் திறந்த, ஒரு மைல் சொச்சம் நீளமுள்ள பள்ளச் சாலை இது. இதற்கும் கிரைஸ்லர் நெடுஞ்சாலைக்கும் லஃபாயட் பார்க் குடியிருப்புக்குமாகச் சேர்த்து பிளாக் பாட்டம், பாரடைஸ் வேலி என்ற கறுப்பின மக்களின் குடியிருப்பும் ஹேஸ்டிங்ஸ் தெருக் கடைகளும் அழிக்கப்பட்டன. பள்ளத்தை நிரப்பித் தரைமட்டச் சாலையாக்க 2022 செப்டம்பரில் மத்திய அரசின் 10.465 கோடி டாலர் மானியம் அறிவிக்கப்பட்டது. பிறகு மதிப்பீடு ஏறிக்கொண்டே போனது. 2025ல் மாநிலப் போக்குவரத்துத் துறை திட்டத்தை நிறுத்தி வைத்தது.

இப்படிப்பட்ட திட்டங்களில் செலவு ஏறுவது பெரும்பாலும் மண்ணுக்கு அடியில். பழைய கழிவுநீர்க் குழாய், நீராவிக் குழாய், மின்கேபிள் ஆகியவற்றின் வரைபடமும் உண்மை நிலையும் ஒத்துப்போகாது. மத்திய மானியம் நிலையான தொகை. செலவு கூடினால் அது கூடாது, மிச்சம் மாநிலத்தின் தலையில். மானியத்தை ஒப்பந்தமாக்கக் கடைசித் தேதியும் உண்டு. வடிவமைப்பில் இன்னொரு சச்சரவும் இருக்கிறது. பள்ளத்தை மூடிவிட்டு அதன் மேல் அகலமான பல வழிச் சாலையைப் போட்டால் நடந்து கடப்பவருக்கு என்ன லாபம் என்று அக்கம்பக்கத்தார் கேட்டார்கள். கேள்வி சரியானது. கிடைக்கும் நிலத்தை யாருக்கு, என்ன விலைக்குக் கொடுப்பது என்பதற்கு எழுத்தில் உறுதி கேட்பதும் சரியானது.

பெரிய கட்டடம் வரும்போது அக்கம்பக்கத்தார் எதையாவது கேட்டு வாங்க முடியுமா?

2016 நவம்பரில் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய சமூகப் பயன் விதி இருக்கிறது. 7.5 கோடி டாலர் அல்லது அதற்கு மேற்பட்ட திட்டம், 10 லட்சம் டாலர் அல்லது அதற்கு மேல் அரசுச் சலுகை பெற்றால், ஒன்பது பேர் கொண்ட அக்கம்பக்க ஆலோசனைக் குழு அமையும். அதில் இருவரைத்தான் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். குழுவுக்குத் தடுக்கும் அதிகாரம் இல்லை. பேரம் பேசலாம்.

கையில் எதுவும் தங்கவேண்டுமென்றால் கோரிக்கை எண்ணாக இருக்கட்டும். 'பொதுப் போக்குவரத்துக்கு ஆதரவு' என்று எழுதி வாங்கினால் ஒன்றும் மிஞ்சாது. 'கட்டடம் திறந்த நாளிலிருந்து பத்தாண்டுக்கு, அங்கே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் மாத பஸ் பாஸ், ஆண்டுதோறும் நகரத்துக்குக் கணக்கு' என்று எழுதினால் பிடிக்க ஒரு நுனி இருக்கும்.

பிரவுன்ஃபீல்ட் திட்ட ஆவணம் நூறு பக்கம் இருக்கிறது. எதைப் படிப்பது?

இரண்டு அட்டவணைகள் போதும். ஒன்று, தகுதியுள்ள செலவுகளின் பட்டியல். அதில் 'எதிர்பாராச் செலவு' எத்தனை சதவீதம், வட்டி சேர்த்திருக்கிறார்களா, வாகன நிறுத்தத்துக்கு எவ்வளவு என்று பாருங்கள். வாகன நிறுத்தம் பட்டியலில் பெரிய தொகையாக இருந்தால், பஸ் தடத்தின் மேலேயே அரசுப் பணத்தில் கார்களுக்கு இடம் கட்டுகிறார்கள் என்று பொருள். மற்றது, ஆண்டு வாரியான வரவு அட்டவணை. அடிப்படை மதிப்பு எந்த ஆண்டுடையது, வரவு எப்போது தொடங்குகிறது, எந்த ஆண்டில் முடிகிறது என்பவை அதில் இருக்கும்.

நடைமுறையில் தடுக்கி விழும் இடங்கள் தெரிந்தவை. ஒப்புதலுக்கு முன்பே செய்த செலவுகளில் பலவும் கணக்கில் ஏறாது. ரசீது இல்லாத செலவும் அப்படியே. இன்னொன்று பலரின் கண்ணில் படுவதில்லை: கட்டிய நிறுவனமே பிறகு வரித் தீர்ப்பாயத்துக்குப் போய் மதிப்பைக் குறைக்கக் கேட்கும். வென்றால் பிடிக்கும் வரி குறைந்து, திட்டத்தின் ஆயுள் நீளும். நகரத்துக்கு முழு வரி வருவது இன்னும் சில ஆண்டு தள்ளும்.

யோசனை சொல்லவேண்டுமென்றால் எந்தக் கட்டத்தில்?

சாலையில் வேலை செய்ய ஆள் வந்து நிற்கும்போது போனால் காரியம் முடிந்துவிட்டது. தென்கிழக்கு மிச்சிகனின் ஏழு கவுண்டிகளுக்குத் திட்டமிடும் செம்காக் அமைப்பிடம் நான்காண்டுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. மத்திய பணம் தொடும் எந்தச் சாலையும், பஸ்ஸும், நடைபாதையும் அந்தப் பட்டியலில் இருந்தாகவேண்டும். ஒவ்வொன்றுக்கும் பணம் எங்கிருந்து என்று காட்டாமல் பட்டியலில் ஏற்ற முடியாது. திருத்தங்கள் வரும்போதெல்லாம் பொதுமக்கள் கருத்துக்கு நாள் விடுகிறார்கள். கூட்டத்துக்கு அநேகமாக யாரும் வருவதில்லை என்பதால் ஐந்து பேர் போனாலே அங்கே கூட்டம்தான்.

பிரவுன்ஃபீல்டுக்கு வரிசை வேறு: ஆணையத்தின் சமூக ஆலோசனைக் குழு, ஆணையக் கூட்டம், பொது விசாரணை, பிறகு நகர மன்ற வாக்கெடுப்பு, பள்ளி வரியைத் தொட்டால் மாநில ஒப்புதல். நகர மன்றத்தில் வாக்கெடுப்பு நாளன்று எண்கள் மாறுவது அபூர்வம். ஆலோசனைக் குழுக் கட்டத்தில் மாறும்.

பெரிய அளவிலான பஸ் சேவைக் குறைப்புக்கும் கட்டண உயர்வுக்கும் முன்னால் பொதுமக்கள் கருத்தைக் கேட்டுப் பரிசீலிக்கும்படி மத்திய மானிய நிபந்தனை இருக்கிறது. அதற்கான கூட்டத்தில் பேசும்போது தடத்தின் எண், நிறுத்தம், கிழமை, மணி, எத்தனை நிமிடம் தாமதம் என்று இரண்டு வாரத்துக்கு எழுதிய காகிதத்தைக் கொடுங்கள். வாய்மொழிக் குறையைக் குறிப்பேட்டில் ஒரு வரியில் முடிப்பார்கள். காகிதமாகக் கொடுத்தது பதிவில் இணைப்பாகச் சேரும்.